சுத்தக்காரரின் மூன்றாவது கூடை

சுத்தக்காரர் என்று ஓர் இனம் நம்மிடையே உண்டு. காக்கையைப் போல எல்லா ஊரிலும் காணப்படும். ஒரு வித்தியாசம்தான். காக்கை குப்பையைத் தின்று தீர்க்கும்; சுத்தக்காரர் அதை இடம் மாற்றுவார். தன் மதில் சுவருக்கு வெளியே போன பொருள் உலகத்தை விட்டே போய்விட்டது என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. கடவுளைக்கூட அவர் சில நாள் சந்தேகிப்பார். இதைச் சந்தேகிக்க மாட்டார்.

அவரை அடையாளம் காண்பது எளிது. அவர் வீட்டு வாசல் கழுவித் துடைத்ததுபோல் இருக்கும். கழுவிய தண்ணீர் பக்கத்து வீட்டு வாசலில் நிற்கும். கார் வைத்திருந்தால், திருச்சிப் பக்கம் போகிற வழியில் உளுந்தூர்பேட்டையில் நிறுத்திப் பரோட்டா பொட்டலம் வாங்கி, குடும்பத்தோடு வண்டிக்குள்ளேயே தின்று முடித்து, இலையையும் குருமா பையையும் கை துடைத்த தாளையும் ஒரே உருண்டையாகச் சுருட்டி, கண்ணாடியை நான்கு விரல் இறக்கி, பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவரின் நெஞ்சுக்கு நேராக விட்டெறிந்துவிட்டு, உடனே கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, வண்டியை நீட்டாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவார். வண்டி நீட்டாகத்தான் இருக்கும். நெடுஞ்சாலையைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் நடத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கல்வராயன் மலைக்கு அருவி பார்க்கப் போவார். புளிச்சோற்றுத் தட்டு, தண்ணீர் பாட்டில், ஷாம்பு உறை, கிழிந்த உள்பனியன் எல்லாவற்றையும் அருவிக்கே விட்டுக்கொடுத்துவிட்டு மலை இறங்கும்போது, இந்த மலை ஜனங்களுக்கு இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லையே என்று மனம் வருந்துவார். உண்மையாகவே வருந்துவார். அதுதான் அவரிடம் உள்ள சிக்கல். அவர் போக்கிரி அல்ல, நல்லவர். போக்கிரியைத் திருத்திவிடலாம்.

இனத்தைப் பற்றிப் பொதுவாகச் சொன்னால் நீங்கள் உங்கள் மாமனாரையோ மேலதிகாரியையோ நினைத்துச் சிரித்துவிட்டுப் போய்விடுவீர்கள். ஆகவே ஒருவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்து நிறுத்துகிறேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில், கரும்பு விளைந்த நிலத்தை மனை போட்டு விற்று, பச்சையாக இருந்த அத்தனையையும் வெட்டிச் சாய்த்த பிறகு பூந்தளிர் நகர் என்று பெயர் வைத்தார்கள். அங்கே முதல் தெருவில் முதல் வீடு தங்கதுரையுடையது. அரசு அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பூந்தளிர் நகர் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர். மனு எழுதுவதில் அவரை மிஞ்ச மாவட்டத்தில் ஆள் இல்லை. பெறுநர், பொருள், பார்வை, பணிந்து சமர்ப்பிப்பது என்று தொடங்கினால் பேனா நான்கு பக்கம் தாண்டித்தான் மூச்சு விடும். தெருவிளக்கு எரியவில்லை என்றால் மனு. எரிகிறது, ஆனால் பூச்சி வருகிறது என்றால் அதற்கும் மனு.

நகராட்சி வீட்டுக்கு இரண்டு கூடை கொடுத்தது. பச்சைக் கூடை மக்கும் குப்பைக்கு. நீலக் கூடை மக்காத குப்பைக்கு. தங்கதுரை வீட்டில் பச்சைக் கூடையில் துவைக்க வேண்டிய துணி கிடக்கிறது. நீலக் கூடையில் வெங்காயம். நல்ல கூடையில் போய்க் குப்பையைப் போட அவருக்கு மனம் வரவில்லை. நியாயம்தானே? ஆகவே அழுகிய தக்காளியும் மருந்து அட்டையும் உடைந்த பல்பும் பேத்தியின் டயப்பரும் மீன் முள்ளும் ஜவுளிக்கடைப் பை ஒன்றுக்குள் சமத்துவமாகப் புகுந்து, வாய் இறுகி, காலை ஏழு மணிக்கு மதில்மேல் உட்கார்ந்துவிடும்.

கவனிக்க வேண்டும்: மதில்மேல். கையில் அல்ல.

பேட்டரி வண்டியை ஓட்டிக்கொண்டு வருகிறவர் கொளஞ்சியம்மாள். வயது ஐம்பதுக்குமேல். ஆறு வருடமாக அந்த நகரின் நான்கு தெருக்களும் அவருடைய பொறுப்பு. ஆறு வருடத்தில் ஒருநாள்கூடத் தங்கதுரை பையை அவர் கையில் கொடுத்ததில்லை. மதில்மேல் வைப்பார், இரண்டடி பின்னால் போவார், பிறகு பேசுவார். பேச்சு பெரும்பாலும் தரம் பிரிப்பது பற்றியதாக இருக்கும். ஜப்பானில் ஒன்பது விதமாகப் பிரிக்கிறார்கள், தெரியுமா என்பார். நம் மக்களுக்கு அந்த ஒழுக்கம் வருமா என்பார். கொளஞ்சியம்மாள் தலையாட்டிக்கொண்டே அவர் கட்டிய பையை அவிழ்த்து, அவருடைய தக்காளியையும் அவருடைய பல்பையும் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பார். ஜப்பான் ஒரு பக்கம் நடக்கும். இது ஒரு பக்கம் நடக்கும்.

அவருக்குத் தேநீர் கொடுக்கும் பழக்கமும் அந்த வீட்டில் உண்டு. காகிதக் கோப்பையில். வீட்டில் இருபத்துநான்கு எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. ஆனாலும் கொளஞ்சியம்மாளுக்காகவே காகிதக் கோப்பை நூறு நூறாக வாங்கி வைத்திருக்கிறார்கள். குடித்து முடித்ததும் அந்தக் கோப்பையும் வண்டிக்குள் விழும். குப்பையை எடுக்க வந்தவருக்காகத் தினம் ஒரு புதுக் குப்பை. குப்பை போடுகிறவருக்குத் தீட்டு இல்லை, அள்ளுகிறவருக்கு உண்டு. இதைக் கண்டுபிடித்த மூளை எத்தனை நூற்றாண்டு பழையது என்று எனக்குத் தெரியும். அது இன்னும் மக்கவில்லை என்பதும் தெரியும்.

தோட்டத்துக்கு வருவோம். தங்கதுரை வீட்டில் ஒரு மாமரம், இரண்டு தென்னை, ஒரு முருங்கை, ஒரு பாதாம் மரம். மாமரத்தின் கிளை ஒன்று தெருவில் நீண்டிருக்கிறது. அதிலிருந்து விழும் பழம் தங்கதுரையுடையது. பொறுக்கிய பள்ளிப் பிள்ளைகளைத் துரத்திப் பிடித்து வாங்கியிருக்கிறார். அதே கிளையிலிருந்து விழும் சருகு அரசாங்கத்துடையது. அதை அள்ளாவிட்டால் மனு. பாதாம் இலையோ தாம்பாளம் அகலம். காலையில் அதைக் கூட்டி, தன் வாசலிலிருந்து சரியாக மூன்றடி தள்ளித் தெருவில் குவித்து, குவியலின் ஓரத்தை விளக்குமாற்றால் ஒழுங்காகத் தட்டியும் வைப்பார். அழகாக இருக்கும். காற்று வரும்வரை.

இதுவரை சொன்னது எல்லாச் சுத்தக்காரரிடமும் இருப்பது. தங்கதுரையைப் போன்ற முதிர்ந்த சுத்தக்காரரிடம்தான் மூன்றாவது கூடை இருக்கும்.

அது கண்ணுக்குத் தெரியாது. அரசாங்கம் கொடுத்ததல்ல. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று அரசாங்கம் பிரிப்பது வெறும் பொருளறிவு. சுத்தக்காரரின் அறிவு அதைவிட ஆழமானது. அவரிடம் குப்பையே அல்லாத குப்பை ஒன்று இருக்கிறது. சென்ற வருடத்துக் காலண்டர் கிழிந்துவிட்டது. அட்டையில் லட்சுமி இருக்கிறாள். கல்யாணப் பத்திரிகை நாற்பது சேர்ந்துவிட்டது, ஒவ்வொன்றிலும் பிள்ளையார். பூஜையறைப் படம் ஒன்று கண்ணாடி உடைந்து, சட்டம் கரையான் அரித்து, வீட்டில் வைத்தால் ஆகாது என்று மனைவி சொல்லிவிட்டார். இதையெல்லாம் குப்பையில் போட முடியுமா? வீட்டில் வைத்திருக்கவும் முடியாது. எரிக்கவும் கூடாது. பிறகு என்னதான் செய்வது?

தெருமுனையில், மனை போட்ட பிறகு தானாக முளைத்த ஒரு வேப்பமரம் இருந்தது. அதன் அடியில் கொண்டுபோய் வைத்துவிட்டார். போடவில்லை, வைத்தார். இந்த வினைச்சொல்லில்தான் அவருடைய சமயமே அடங்கியிருக்கிறது.

அந்த இடம் முச்சந்தி வேறு. திருஷ்டி கழித்த எலுமிச்சம்பழம், மிளகாய், உப்புப் பொட்டலம், வாசலில் ஒரு வருடம் தொங்கி அழுகிய பூசணிக்காய் எல்லாவற்றுக்கும் உரிய இடமும் அதுதான். தன் வீட்டுக்கு வந்த கெட்டதைக் கழித்து, மூன்று தெருவும் கூடுகிற இடத்தில் வைத்தால், அது வேறு யார் காலிலாவது ஒட்டிக்கொண்டு போய்விடும். நல்ல மனிதர்கள் நல்ல எண்ணத்தோடு செய்கிற காரியம். யாருடைய கால் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கொளஞ்சியம்மாள் ஒருநாள் அந்தக் காலண்டர்களை வாரி வண்டியில் போடப் போனார். தங்கதுரை மதிலுக்கு உள்ளிருந்தே குரல் கொடுத்தார்.

“இந்தாம்மா, அது சாமி சமாச்சாரம். நீ கை வக்கக் கூடாது.”

“மழைல ஊறிக்கினு கெடக்குதுங்க சார்.”

“கெடக்கட்டும். தானா போயிடும். வேப்பமரத்தாண்ட இருக்கறது எதையும் நீ தொடாத. சொல்லிட்டேன்.”

கொளஞ்சியம்மாள் எடுத்த கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு தொடவில்லை. அவர் நினைவாற்றல் அபாரமானது. அதைப் பிறகு பார்ப்போம்.

தங்கதுரை ஒருவர் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். எதிர்வீட்டுப் பிலவேந்திரன் கூட்டுறவு வங்கி ஊழியர். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். திருஷ்டியெல்லாம் அஞ்ஞானம் என்று எங்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். அவர் வீட்டு மாதா சுரூபத்தின் கை உடைந்தது. குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துத் தந்த குருத்தோலையும் மூன்று வருடத்துக் கட்டாகச் சேர்ந்தது. ஓலை மக்கும் என்று அவருக்குத் தெரியும், அவர் படித்தவர். ஆனாலும் ஒரு விடியற்காலையில் இரண்டையும் துண்டில் சுற்றிக்கொண்டுபோய் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கமாக, பிள்ளையார் பத்திரிகைகளுக்கு முதுகைக் காட்டி வைத்துவிட்டு வந்தார்.

மூன்றாவது தெருவில் தமிழ்வேந்தன் இருக்கிறார். கறுப்புச் சட்டை. மூடநம்பிக்கை ஒழிப்புக் கூட்டத்தில் மணிக்கணக்கில் பேசக் கூடியவர். பேச்சில் நியாயமும் இருக்கும். அவர் மகள் திருமணத்துக்கு வைத்த விளம்பரப் பதாகை பன்னிரண்டடி நீளம். அதில் தலைவரின் முகம் எட்டடி. திருமணம் முடிந்தது. பதாகையை என்ன செய்வது? நீலக் கூடையில் தலைவரை மடித்துத் திணிக்க முடியுமா? அதைச் சுருட்டி, நூல்கட்டி, முகம் உட்பக்கமாக இருக்கும்படி பார்த்து, வேப்பமரத்தில் சாய்த்துவிட்டார். சாமி இல்லை என்று உறுதியாகச் சொல்பவர், சாமியை வைக்கும் இடத்திலேயே வைத்தார். கடவுளை ஒழித்துவிட்டோம், கடவுளை வைக்கும் இடத்தை ஒழிக்க மறந்துவிட்டோம்.

இப்படியாகப் பூந்தளிர் நகரில் மதநல்லிணக்கம் வளர்ந்தது. முழங்கால் உயரம் வளர்ந்தது.

ஆயுத பூஜை வந்தது. தெருவில் பூசணிக்காய் உடைத்தார்கள். ஒரு காய் இரண்டு காய் அல்ல. ஒவ்வொரு ஸ்கூட்டருக்கும் ஒன்று. தங்கதுரை தன் மோட்டார் சைக்கிளுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் சேர்த்து ஒரு பெரிய காயை முச்சந்தியில் உடைத்தார். மறுநாள் வாழைக்கன்று, மாவிலை, பொரிப் பொட்டலம் எல்லாம் வேப்பமரத்தடிக்குப் போயின. மாமரத்தில் வெட்டிய கிளையையும், அன்று பூஜைக்கு ஒரு கொத்து ஒடித்த கிளைதானே என்று, அங்கேயே இழுத்துக்கொண்டுபோய் வைத்தார். அதன் பின்னாலேயே தென்னை மட்டை ஆறு. அவை பூஜைக்கு எந்த வகையில் உறவு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. இரண்டு நாள் மழை பெய்தது.

மூன்றாம் நாள் காலை நடைப்பயிற்சி முடித்துத் திரும்பிய தங்கதுரை, ஊறிய பூசணித் துண்டில் கால் வைத்து, முச்சந்தியில் நீளமாக விழுந்தார். தாம் உடைத்த காயேதான். வீட்டுக்கு வந்த கெட்டது யார் காலிலோ ஒட்டிக்கொண்டு போக வேண்டியது, முகவரி மாறாமல் சொந்தக்காரரிடமே வந்து சேர்ந்தது. தபால் துறைகூட இவ்வளவு ஒழுங்கில்லை. பெரிய அடி இல்லை. முழங்கையில் சிராய்ப்பு. வேட்டியில் குங்குமம்.

அன்று பகலே மனு எழுதினார். பொருள்: முச்சந்தியில் மாதக்கணக்கில் அள்ளப்படாத குப்பை, தூய்மைப் பணியாளரின் கடமை தவறுதல், மூத்த குடிமகன் காயமடைந்தது தொடர்பாக. நான்கு பக்கம். இணைப்பு: முழங்கையின் வண்ணப் புகைப்படம்.

மனு போன வேகத்தில் பதில் வந்தது. வேலைக்கு ஆள் எடுத்திருக்கும் ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி, கொளஞ்சியம்மாளை இந்த நகரிலிருந்து எடுத்து, ஊருக்கு மறுகோடியில் இருக்கும் குப்பைக் கிடங்குக்கு மாற்றப்போவதாகச் சொன்னார். அதில் என்ன பெரிய வித்தியாசம் என்று உங்களுக்குத் தோன்றலாம். அவர் கணவர் வேடியப்பன் தென்னை ஏறி மட்டை கழிக்கிற வேலை செய்தவர். இரண்டு வருடத்துக்கு முன்பு மரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து படுக்கையில் இருக்கிறார். பூந்தளிர் நகரிலிருந்து அவர்கள் வீடு நடந்துபோகிற தூரம். பத்து மணிக்கு வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் போய், அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, கஞ்சி கொடுத்துவிட்டு வந்துவிடலாம். கிடங்கிலிருந்து அது முடியாது. காலை ஐந்து மணிக்குப் போனால் மாலைதான் திரும்ப வேண்டும். அதுவரை வேடியப்பன் ஒரே பக்கமாகப் படுத்திருக்க வேண்டும்.

நான்கு பக்க மனுவில் ஒரு வரிக்குக்கூட இது வரவில்லை. மனுவுக்குத் தெரியாது. எழுதியவருக்கும் தெரியாது. ஆறு வருடமாக ஜப்பானைப் பற்றிப் பேசியவர், எதிரில் நிற்பவரின் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டுமே.

மாற்றுவதற்கு முன்பு விசாரித்து அறிக்கை கொடுக்க ரம்யா வந்தார். வீடு வீடாகப் போய்த் தரம் பிரிப்பதைப் பற்றிச் சொல்கிற வேலையில் இருக்கும் இளம்பெண். கையில் ஒரு படிவம். அதில் மூன்று கட்டம்: மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயமான குப்பை. திங்கட்கிழமை காலை ஏழரை மணி. முச்சந்தியில் தங்கதுரை, பிலவேந்திரன், தமிழ்வேந்தன், இன்னும் பத்துப் பேர். கொளஞ்சியம்மாள் வண்டியோடு நின்றார். தங்கதுரையின் மனைவி விஜயலட்சுமி தோசைக் கரண்டியோடு வாசலில் நின்றார்.

தங்கதுரை முழங்கையைக் காட்டிப் பேசினார். சங்கத் தலைவர் என்ற முறையில் பேசினார். வரி செலுத்துபவர் என்ற முறையில் மறுபடியும் பேசினார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ரம்யா கொளஞ்சியம்மாளிடம் திரும்பி, ஏன் எடுக்கவில்லை என்று கேட்டார்.

“சாருதான் தொடக் கூடாதுன்னாரு” என்றார் கொளஞ்சியம்மாள். “மூணு மாசம் முன்ன, ஒரு வெள்ளிக்கெழம. மழ தூறிக்கினு இருந்துது. வேப்பமரத்தாண்ட இருக்கறது எதையும் தொடாதன்னாரு. நானு தொடல.”

தங்கதுரை சற்றுத் தடுமாறினார். தான் சொன்னது சாமி சம்பந்தப்பட்டதை மட்டும்தான், குப்பையை அல்ல என்றார். அப்படியானால் எது சாமி, எது குப்பை என்று காட்டச் சொன்னார் ரம்யா. தங்கதுரை சுட்டிக் காட்டத் தொடங்கினார். காலண்டர் சாமி. பத்திரிகை சாமி. படம் சொல்லவே வேண்டாம். வாழைக்கன்று பூஜைக்கு வைத்தது. எலுமிச்சம்பழம் சாமி இல்லை, ஆனால் அதைத் தொட்டால் தொட்டவருக்கு ஆகாது. பூசணிக்காயும் அப்படியே. சுருட்டி வைத்த பதாகையைக் காட்டி, அது யாருடையது என்று தெரியவில்லை என்றார். தமிழ்வேந்தன் வானத்தைப் பார்த்தார். மாதா சுரூபத்தைக் காட்டியபோது, பிலவேந்திரன் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தார். கடைசியில் குப்பை என்று மிஞ்சியது தென்னை மட்டையும் கொஞ்சம் பாதாம் இலையும்தான். அவற்றின் சொந்தக்காரர் யார் என்று ஊருக்கே தெரியும்.

ரம்யா படிவத்தைப் பார்த்தார். சாமிக்கு அதில் கட்டம் இல்லை.

“அறிக்கைல இன்னா எழுதறது சார்?” என்றார்.

அப்போது கொளஞ்சியம்மாள் வண்டியை விட்டு முன்னால் வந்தார். அவர் குரலில் கோபம் இல்லை. சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடும் இடத்தைக் கேட்பதுபோல் கேட்டார்.

“சார், நீங்கதான் நல்லா எழுதுவீங்க. ஒரு வரி எழுதிக் குடுங்க. இது அத்தனையும் குப்பைன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா, இப்பவே அள்ளிடறேன். ஒரு துரும்பு இருக்காது. இல்ல, குப்பை இல்லன்னு எழுதிக் குடுங்க. அப்ப நான் அள்ளாம வுட்டது தப்பில்லன்னு ஆயிடும். ரெண்டுல ஒண்ணு. நான் பத்து மணிக்கு வூட்டுக்குப் போவணும்.”

எல்லோரும் தங்கதுரையைப் பார்த்தார்கள்.

அவர் பேனாவை எடுத்தார். ரம்யா கொடுத்த தாளை பேட்டரி வண்டியின் மூடிமேல் வைத்தார். பொருள் என்று எழுதி, பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்தார். நான்கு பக்கம் மூச்சுவிடாமல் ஓடுகிற பேனா அங்கேயே நின்றது. கீழே லட்சுமி நனைந்து கிடந்தாள். அவளைக் குப்பை என்று தன் கைப்பட எழுதுவதா? எழுதாவிட்டால் மனு பொய். மனுவே பொய்யென்றால் சங்கத் தலைவர் என்ன ஆவது? முப்பத்துமூன்று வருடம் பிறர் கோப்புகளில் “விளக்கம் தேவை” என்று எழுதியவருக்கு முதல் முறையாக விளக்கம் தேவைப்பட்டது.

பிலவேந்திரனைப் பார்த்தார். பிலவேந்திரன் வங்கிக்கு நேரமாகிவிட்டது என்று நழுவினார். தமிழ்வேந்தனைப் பார்த்து, நீங்கள்தான் சாமி இல்லை என்கிறவராயிற்றே, நீங்கள் எழுதுங்கள் என்றார். தமிழ்வேந்தன் பதாகையைப் பார்த்துக்கொண்டே, இது கூட்டாக முடிவெடுக்க வேண்டிய விஷயம் என்றார்.

வாசலிலிருந்து விஜயலட்சுமி குரல் கொடுத்தார். “எழுதறதுன்னா எழுதுங்க. இல்லன்னா நீங்களே எடுங்க. தோச கருவுது.”

வீட்டில் முப்பது வருடம் சமைத்தும் பெருக்கியும் வந்தவருக்கு, ஒரு பிரச்சினையைத் தீர்க்க இரண்டு வாக்கியம்தான் தேவைப்படுகிறது.

தங்கதுரை பேனாவை மூடினார். வேட்டியை மடித்துக் கட்டினார். குனிந்து, உடைந்த பூஜைப் படத்தின் சட்டத்தைப் பிடித்தார். பிடித்த இடத்தில் கண்ணாடிச் சில்லு நீட்டிக்கொண்டிருந்தது.

“அப்டிப் புடிக்காதீங்க சார். அறுத்துடும்” என்றார் கொளஞ்சியம்மாள். தன் கையிலிருந்த ரப்பர் உறைகள் இரண்டையும் கழற்றி நீட்டினார். “இத மாட்டிக்கங்க.”

அந்த உறைகள் நீட்டிய கையில் இருந்தன. தங்கதுரை இரண்டடி தூரத்தில் இருந்தார். எத்தனை வருடத்து இரண்டடி அது. மதில் எதுவும் அருகில் இல்லை, வாங்கி அதன்மேல் வைத்து எடுத்துக்கொள்ள. ஒரு பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் உறை. அவர் கை முன்னால் போனது, நின்றது, மறுபடியும் போனது. வாங்கினார். மாட்டினார். உள்ளே இன்னும் சூடு இருந்தது, வேர்வையின் ஈரமும் இருந்தது. வேறொருவர் கைச் சூடு தன் கைபோலவேதான் இருக்கும் என்பதை ஒரு மனிதர் அறுபத்துநான்கு வயதில் தெரிந்துகொள்வது தாமதம்தான். தெரிந்துகொள்ளாமலே போவதைவிட அது பரவாயில்லை.

பிறகு நடந்தது தரம் பிரிக்கும் வகுப்பு. ஆசிரியர் மாறியிருந்தார்.

“கண்ணாடி வண்டில நீலத் தொட்டில சார். சட்டம் மரம், அது தனியா. காகிதம் ஊறிப் போச்சு, பச்சைல போடுங்க. பூசணியும் பச்சை. பாத்து, வழுக்கும், உங்களுக்குத்தான் தெரியுமே.”

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. தங்கதுரைக்கும் பாதி வந்தது. எலுமிச்சம்பழத்தை எடுக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. ஆகும் என்று எதிர்பார்த்த நாலைந்து பேர் ஏமாந்து வீட்டுக்குப் போனார்கள். பிலவேந்திரன் திரும்பி வந்து, தன் குருத்தோலையைப் பச்சையில் போட்டார். மாதாவைத் துண்டில் சுற்றி, பசை வாங்கிக் கையை ஒட்டிவிடலாம் என்று எடுத்துக்கொண்டு போனார். இத்தனை நாளாக அவருக்கு அந்த யோசனை வரவில்லை. தமிழ்வேந்தன் பதாகையை விரித்தார், தலைவரைப் பார்த்தார், கத்தரிக்கோல் கேட்டார். அவர் அளவாக வெட்டிக் கொடுத்த பதாகை இன்று கொளஞ்சியம்மாள் வீட்டுக் கூரையில், மழை ஒழுகுகிற மூலையில் கிடக்கிறது. கூட்டத்துக்குக் கூட்டம் வைத்ததைவிட இங்கே தலைவர் மக்களுக்கு நெருக்கமாக இருக்கிறார்.

ஒன்பதே முக்காலுக்கு வேப்பமரத்தடி வெறும் மண்ணாகத் தெரிந்தது. தங்கதுரை உறைகளைக் கழற்றிக் கையிலேயே கொடுத்தார். பிறகு வண்டியின் மூடிமேல் கிடந்த தாளை எடுத்து, ஏற்கெனவே எழுதிய “பொருள்:” என்ற சொல்லுக்குப் பக்கத்தில், முன்பு அனுப்பிய மனுவைத் திரும்பப் பெறுதல் தொடர்பாக என்று எழுதினார். இரண்டே வரி. அவர் வாழ்நாளில் எழுதிய மிகச் சிறிய மனு அது. ரம்யா அதை அறிக்கையோடு சேர்த்துக்கொண்டார். கொளஞ்சியம்மாள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, வேடியப்பனைப் புரட்டிப் படுக்கவைக்க நடந்து போனார். அன்றும் போனார், இப்போதும் பூந்தளிர் நகரிலிருந்துதான் போகிறார்.

தங்கதுரை திருந்திவிட்டாரா என்று கேட்பீர்கள். பச்சைக் கூடையிலிருந்த துணி வெளியே வந்துவிட்டது. வெங்காயம் இன்னும் நீலக் கூடையை விட்டுக்கொடுக்கவில்லை. தேநீர் டம்ளரில் வருகிறது. அந்த டம்ளர் மற்ற இருபத்துமூன்றோடு சேர்ந்து அலமாரியில் அடுக்கப்படுகிறதா என்று விஜயலட்சுமியைத்தான் கேட்க வேண்டும். நான் கேட்டேன். அதே அலமாரிதான், ஆனால் கடைசித் தட்டு என்றார். ஜப்பானுக்கு இன்னும் தூரம் இருக்கிறது.

போன அமாவாசைக்கு மறுநாள் நான்காம் தெரு முனையில், புதிதாக நட்ட மின்கம்பத்தின் அடியில், குங்குமம் தடவிய ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. இரண்டாக வெட்டியது. யார் வைத்தது என்று தெரியவில்லை. சுத்தக்காரர் இனம் அழிந்துவிடுமோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு ஆறுதலாக இருந்தது.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். நீங்கள் படித்தவர், தரம் பிரிப்பவர், இதைப் படித்துத் தங்கதுரையைப் பார்த்துச் சிரித்தவர். ஒன்றே ஒன்று செய்யுங்கள். எழுந்துபோய், சுவரில் தொங்கும் இந்த வருடத்துக் காலண்டரைச் சற்றே தூக்கிப் பாருங்கள். அதற்குப் பின்னால் போன வருடத்துக் காலண்டர் இருக்கும். அதற்கும் பின்னால் அதற்கு முந்தின வருடத்தது. கையில் எடுங்கள். எங்கே போடுவது என்று யோசிக்கிறீர்கள் அல்லவா? யோசித்தபடியே, உங்கள் கண் சன்னல் வழியாகத் தெருமுனைப் பக்கம் போயிற்றே, அதை நான் பார்த்துவிட்டேன்.